இரண்டாவது பிரவுசர்: எந்தக் கோளாறுக்கு எதைத் திறப்பது?

ஒரு பக்கம் திறக்கவில்லை என்றதும் நம்மில் பலர் போனை அணைத்துப் போடுகிறோம், ரவுட்டரின் வயரைக் கழற்றிப் பூட்டுகிறோம், அதுவும் சரிவராவிட்டால் “சைட் வேலை செய்யுதில்ல” என்று சொல்லி எழும்பிவிடுகிறோம். விண்ணப்ப முடிவுத் திகதி நெருங்கும் நாளில் இந்தப் பழக்கம் ஆளை நட்டாற்றில் விட்டுவிடும். போனிலும் கணினியிலும் இரண்டாவதாக ஒரு பிரவுசர் தயாராக இருந்தால், கோளாறு பிரவுசரிலா, இணைப்பிலா, அந்தத் தளத்திலா என்பது சில நிமிடங்களில் தெரிந்துவிடும்.

நான் களுவாஞ்சிகுடியில் ஒன்லைன் விண்ணப்பம் நிரப்பிக் கொடுக்கும் சின்னக் கடை வைத்திருக்கிறேன். மட்டக்களப்புப் பக்கத்து ஆட்களும் வருவார்கள், கல்முனை, நிந்தவூர்ப் பக்கத்து ஆட்களும் வருவார்கள். அவர்கள் வந்து சொல்லும் கோளாறுகளைத்தான் கீழே தலைப்புகளாக வைத்திருக்கிறேன். உங்களுடையது எதுவோ அங்கே நேரே போகலாம். ஆனால் முதல் பகுதியை எல்லோரும் வாசித்துவிடுங்கள்.

எதை இரண்டாவதாக வைப்பது?

முதலாவதோடு ஒரே குடும்பத்தில் பிறக்காத ஒன்றை வையுங்கள். பக்கத்தைத் திரையில் வரைந்து காட்டும் உள்பகுதியை இன்ஜின் என்பார்கள். குரோம், எட்ஜ், பிரேவ், ஒபேரா, விவால்டி, சாம்சங் இன்டர்நெட் எல்லாமே குரோமியம் என்ற ஒரே அடித்தளத்தில் கட்டியவை. மைக்ரோசொப்டின் எட்ஜ் கூட 2020 ஜனவரியில் அந்தப் பக்கம் வந்துவிட்டது. ஆகவே குரோமில் ஒரு பக்கம் உடைந்தால் எட்ஜிலும் அதே இடத்தில் உடைய வாய்ப்பு அதிகம். பரவலாகக் கிடைப்பவற்றில் பயர்பொக்ஸ் கெக்கோ என்ற தனி இன்ஜினில் ஓடுகிறது. ஆப்பிளின் சபாரிக்கு வெப்கிட்.

விண்டோஸ் கணினியில் குரோம் பாவிப்பவர் எட்ஜும் இருக்கிறதே என்று நினைத்துத் திருப்திப்பட வேண்டாம், பயர்பொக்ஸைப் போடுங்கள். அன்ட்ரொயிட் போனிலும் அதேதான். ஏற்கெனவே பயர்பொக்ஸ் பாவிப்பவருக்குக் குரோமோ எட்ஜோ இரண்டாவதாக இருக்கட்டும். பல தளங்களைக் கட்டுபவர்கள் குரோமில் மட்டும் சோதித்துவிட்டு விட்டுவிடுகிறார்கள்.

ஐபோன் வேறு கதை. நம் நாட்டு ஐபோனில் எந்தப் பிரவுசரை இறக்கினாலும் உள்ளே ஓடுவது வெப்கிட்தான், பெயரும் முகப்பும்தான் மாறும். குக்கியும் (தளம் நம்மை நினைவில் வைக்கப் பிரவுசரில் விட்டுச் செல்லும் சின்னக் கோப்பு) லொகினும் தனித்தனியாக இருப்பதால் அங்கேயும் இரண்டாவது பிரவுசர் உதவும். இன்ஜினைச் சோதிக்க மட்டும் ஒரு கணினியையோ வீட்டில் யாருடையவோ அன்ட்ரொயிட் போனையோதான் எடுக்க வேண்டும்.

இரண்டாவது பிரவுசரைப் போடும்போது, பழையதில் உள்ள பாஸ்வேர்ட்களைக் கொண்டுவரவா என்று கேட்கும். வேண்டாம் என்று விடுங்கள். எக்ஸ்டென்ஷன் (பிரவுசரோடு சேர்க்கும் துணைச் செயலி) எதுவும் போடாமல், செட்டிங்ஸைத் தொடாமல் வெறுமையாக வைத்திருந்தால்தான் சோதனைக்கு உதவும். இடைக்கிடை திறந்து அப்டேட் மட்டும் செய்துகொள்ளுங்கள்.

படிவத்தை நிரப்பியாச்சு, பட்டனை அமத்தினால் ஒன்றும் நடக்கவில்லை

அதிகம் வருவது இந்தக் கோளாறுதான். இதற்கு நான் அடிக்கடி காணும் காரணம், குரோம் தானாகச் செய்யும் மொழிபெயர்ப்பு. பக்கம் ஆங்கிலத்திலோ சிங்களத்திலோ இருக்கும், குரோம் தமிழில் காட்டவா என்று கேட்கும், ஓம் என்று அமத்தியிருப்போம். அப்புறம் எல்லாப் பக்கமும் தானாகத் தமிழில் வரும். வாசிக்க நல்லதுதான். ஆனால் மொழிபெயர்ப்பு பக்கத்துக்குள் இருக்கும் எழுத்துகளை எடுத்துவிட்டுப் புதியவற்றைச் செருகுகிறது. இப்போதைய தளங்கள் பலவற்றில் பின்னால் ஓடும் நிரல் அந்த எழுத்துத் துண்டுகளைக் கணக்கு வைத்துக்கொண்டே இருக்கும். தான் வைத்தது வைத்த இடத்தில் இல்லை என்றதும் அது நின்றுபோகும். திரையில் எந்தப் பிழையும் தெரியாது. மாவட்டம் என்ற பெட்டியில் அம்பாறையைத் தெரிவு செய்தால், கீழே பிரதேச செயலகங்களின் பட்டியல் வெறுமையாகவே நிற்கும். அல்லது “சமர்ப்பிக்கவும்” என்ற பட்டன் அழகாகத் தமிழில் இருக்கும், அமத்த அமத்த அசையாது.

மொழிபெயர்ப்பை நிறுத்தி மூல மொழியை வரவழையுங்கள். பக்கத்தை மீள ஏற்றி, முதலிலிருந்து நிரப்புங்கள். ஆங்கிலம் சிரமம் என்றால், அதே பக்கத்தை மற்றப் பிரவுசரில் தமிழாக்கித் திறந்து வைத்து வாசித்துக்கொண்டு, மூல மொழிப் பக்கத்தில் நிரப்பலாம். கடையில் நான் பெரியவர்களை இப்படித்தான் பக்கத்தில் இருத்தி நிரப்புகிறேன். எதில் கையொப்பமிடுகிறோம் என்று அவர்களுக்கும் விளங்கும்.

மொழிபெயர்ப்பு காரணமில்லை என்றால் இந்த ஒழுங்கில் போங்கள். அதே பிரவுசரில் மறைநிலை (இன்கொக்னிட்டோ) சாளரத்தைத் திறந்து அதில் முயலுங்கள். அங்கே வேலை செய்தால், பிழை ஒரு எக்ஸ்டென்ஷனில் அல்லது அந்தத் தளம் விட்டுச் சென்ற பழைய குக்கியில் இருக்கிறது. முழு பிரவுசரையும் துடைக்க வேண்டாம். முகவரிக்கு இடப்பக்கம் இருக்கும் சின்ன அடையாளத்தை அமத்தி அந்தத் தளத்தின் தரவை மட்டும் அழித்தால் போதும். மறைநிலையிலும் அசையவில்லை, ஆனால் பயர்பொக்ஸில் போகிறது என்றால் பிரவுசரின் பதிப்போ இன்ஜினோ காரணம். அங்கேயே வேலையை முடித்துவிட்டு, பிறகு மற்றதை அப்டேட் செய்யுங்கள்.

இரண்டிலும் அசையவில்லை என்றால் நாம் கொடுத்த தகவலைத்தான் பார்க்க வேண்டும். அடையாள அட்டை இலக்கத்தைப் பிரவுசர் தானாக நிரப்பியிருக்கும். அது 9 இலக்கமும் ஒரு ஆங்கில எழுத்தும் கொண்ட பழையதாக இருக்கும், தளம் 12 இலக்கத்தைக் கேட்கும். கடைசியில் ஒரு வெற்றிடம் ஒட்டியிருந்தாலும் சில படிவங்கள் ஏற்காது. படம் ஏற்றும் இடமும் அப்படித்தான்: ஐபோன் படங்களை ஹெச்இஐசி என்ற வடிவில் சேமிக்கிறது, தளமோ ஜேபெக் மட்டும் வாங்கும். படத்தை ஜேபெக்காக மாற்றி, கோப்பின் பெயரை ஆங்கில எழுத்தில் சுருக்கமாக வைத்து மீண்டும் ஏற்றுங்கள். பக்கத்தின் மேற்பகுதிக்கும் ஒருமுறை போய்ப் பாருங்கள். சிவப்பு எழுத்தில் காரணம் அங்கே கிடக்கும், நாம் கீழே பட்டனோடு மல்லுக்கட்டிக்கொண்டிருப்போம்.

எல்லாம் சரியாகப் போனது, பற்றுச்சீட்டு மட்டும் திறக்கவில்லை என்றால் அது பொப்-அப் தடை. கணினியில் முகவரிப் பட்டையின் வலது ஓரத்தில் சின்னதாக ஒரு அடையாளம் தெரியும். அதை அமத்தி அந்தத் தளத்துக்கு மட்டும் அனுமதி கொடுங்கள்.

ஓடிபி வந்தது, ஆனால் பணம் கட்டும் பக்கம் மறைந்துவிட்டது

எதையும் திரும்ப அமத்துவதற்கு முன், காசு போய்விட்டதா என்று வங்கியின் எஸ்எம்எஸ்ஸிலோ கணக்கு மீதியிலோ பார்த்துக்கொள்ளுங்கள். இதை நான் ஒவ்வொருவரிடமும் வற்புறுத்திச் சொல்வேன். பிரவுசரை மாற்றி இரண்டாம் முறை கட்டிவிட்டு, இரட்டிப்பாய்ப் போன காசைத் திருப்பி எடுக்க வாரக்கணக்கில் அலைந்தவர்கள் இருக்கிறார்கள்.

இனிக் காரணம். “தம்பி, கோட் வந்திச்சு, பார்த்திட்டுத் திரும்பிப் போனா பக்கம் முதல்ல இருந்து தொடங்குது” என்று ஒரு மாமி போனை நீட்டினால், நினைவகம் குறைந்த போன் என்று பார்க்காமலே சொல்லலாம். 2 ஜிபி, 3 ஜிபி நினைவகம் உள்ள அன்ட்ரொயிட் போனில், எஸ்எம்எஸ்ஸைத் திறக்கப் போனதும் இடம் போதாமல் போன் பிரவுசரின் பக்கத்தை நினைவிலிருந்து தூக்கிவிடும். திரும்பி வரும்போது பக்கம் புதிதாக ஏறும், வங்கியின் அமர்வு அறுந்துவிடும். எந்தப் பிரவுசரைப் போட்டாலும் இது மாறாது. பிரவுசரை விட்டு வெளியே போகாமல், திரையின் மேலிருந்து அறிவிப்பை மட்டும் இழுத்துக் கோடைப் பாருங்கள். முழுதாகத் தெரியாவிட்டால் அறிவிப்பைக் கொஞ்சம் விரித்தால் தெரியும். கட்டத் தொடங்கும் முன் திறந்து கிடக்கும் மற்றச் செயலிகளை மூடிவிடுங்கள். சிம் அந்தப் போனில் இருக்கட்டும், பணத்தைக் கணினியில் கட்டுவது இதைவிட நல்லது.

போனில் நினைவகம் நிறைய இருந்தும் வங்கிப் பக்கம் வெள்ளையாக நின்றால் குக்கித் தடையைச் சந்தேகியுங்கள். காசு கேட்கும் தளத்தின் பக்கத்துக்குள் வங்கியின் பக்கம் ஒரு சட்டகமாக வரும்போது, அது பிரவுசரின் கண்ணுக்கு மூன்றாம் ஆள். பிரேவ், சபாரி, பயர்பொக்ஸ் மூன்றும் மூன்றாம் ஆளின் குக்கியைத் தாமாகவே கட்டுப்படுத்துகின்றன. பிரேவில் சிங்க அடையாளத்தையும், பயர்பொக்ஸில் முகவரிக்கு இடப்பக்கம் உள்ள கேடயத்தையும் அமத்தி அந்தத் தளத்துக்கு மட்டும் தடையை நிறுத்தலாம். அல்லது கட்டணத்தை மட்டும் குரோமில் கட்டுங்கள். விளம்பரம் தடுப்பதற்காக பிரேவ் பாவிப்பவர்களுக்கு நான் சொல்வதும் இதுதான்: வாசிக்க அது, காசு கட்ட வேறொன்று.

“இணைப்பு பாதுகாப்பானதல்ல” என்று எச்சரிக்கிறது

முதலில் கணினியின் திகதியைப் பாருங்கள். எல்லாத் தளத்துக்கும் இந்த எச்சரிக்கை வந்தால், பெரும்பாலும் கடிகாரம் பின்னால் போயிருக்கும். பழைய மேசைக் கணினிகளில் மதர்போர்டில் நாணயம் மாதிரி ஒரு பற்றரி இருக்கும், பெரும்பாலும் சிஆர்2032. அது செத்துப்போனால், கரண்ட் போய் வரும் ஒவ்வொரு முறையும் திகதி பல வருடம் பின்னால் போய்விடும். மாரி காலத்தில் கரண்ட் விட்டு விட்டு வரும்போது இந்தக் கோளாறோடு வருபவர்கள் கூடுவார்கள். தளம் உண்மையானதுதான் என்று பிரவுசருக்குக் காட்டும் சான்றிதழுக்குத் தொடக்கத் திகதியும் முடிவுத் திகதியும் உண்டு. கணினி தவறான வருடத்தில் நின்றால் அந்தச் சான்றிதழ் செல்லாது என்று பிரவுசர் முடிவெடுக்கும். குரோம் பல நேரம் கடிகாரம் பின்தங்கியிருக்கிறது என்று தானே சொல்லிவிடும். பிரவுசரை மாற்றி வேலையில்லை, பற்றரியை மாற்றுங்கள்.

திகதி சரி, ஆனால் பழைய விண்டோஸ் அல்லது பழைய அன்ட்ரொயிட் என்றால் இரண்டாவது பிரவுசர் கைகொடுக்கும். எந்தச் சான்றிதழ் நிறுவனத்தை நம்பலாம் என்ற பட்டியல் பழைய சாதனத்தில் பழையதாகவே கிடக்கும். உதாரணமாக, லெட்ஸ் என்க்ரிப்ட் நிறுவனத்தின் சான்றிதழ்களுக்கு ஆதாரமாக இருந்த பழைய வேர்ச் சான்றிதழ் 2021 செப்டெம்பர் 30 அன்று காலாவதியானது. புதிய வேர்ச் சான்றிதழ் அன்ட்ரொயிட் 7.1.1க்கு முந்திய போன்களில் இல்லை. பயர்பொக்ஸ் இந்த நம்பிக்கைப் பட்டியலைத் தன்னோடே கொண்டுவருகிறது, சாதனத்தை எதிர்பார்ப்பதில்லை. அதனால் மற்றது மறுத்த பக்கத்தை அது திறக்கக்கூடும்.

திகதியும் சரி, சாதனமும் புதிது, ஒரே ஒரு தளத்தில் மட்டும் எச்சரிக்கை என்றால் அந்தத் தளக்காரர் சான்றிதழைப் புதுப்பிக்காமல் விட்டிருக்கலாம். அறிவித்தல் வாசிக்க மட்டும் என்றால் அது உங்கள் தீர்மானம். பாஸ்வேர்டோ அட்டை இலக்கமோ கேட்கும் பக்கம் என்றால் எந்தப் பிரவுசரிலும் உள்ளே போகாதீர்கள்.

தமிழ் எழுத்து தமிழாகத் தெரியவில்லை

சுற்றறிக்கைகளிலும் பழைய தமிழ்ப் பக்கங்களிலும் இது வரும். என்ன தெரிகிறது என்று உற்றுப் பாருங்கள். வெறும் கட்டங்கள் தெரிந்தால் எழுத்துரு இல்லை. விண்டோஸ் 8 முதல் நிர்மலா என்ற எழுத்துரு தமிழோடு கூடவே வருகிறது, அதற்கு முந்தியதில் லதா. அவை அழிந்திருந்தால் மீளச் சேர்க்க வேண்டும்.

கட்டங்களுக்குப் பதில் ஆங்கில எழுத்துகளும் நடுநடுவே அரைப்புள்ளிகளும் குவிந்து கிடந்தால் அது பாமினி. இலங்கையில் அச்சகம், அலுவலகம், பாடசாலை என்று எல்லா இடமும் நிறைந்திருந்த எழுத்துரு. அதில் அரைப்புள்ளி விசையில்தான் மெய்யெழுத்தின் புள்ளி இருக்கிறது. அரைப்புள்ளி அத்தனை வருவது அதனால்தான். அந்தக் கோப்பின் உள்ளே உண்மையில் இருப்பது ஆங்கில எழுத்துகள், பாமினி அவற்றுக்குத் தமிழ் வேடம் போட்டுக் காட்டும். எத்தனை பிரவுசர் மாற்றினாலும் தெரியாது. எழுத்தைப் பிரதி எடுத்து வேர்டில் ஒட்டிப் பாமினி எழுத்துருவைக் கொடுங்கள், அல்லது யுனிகோட் (இப்போது எல்லாச் சாதனமும் பாவிக்கும் பொது எழுத்து முறை) மாற்றி ஒன்றில் போடுங்கள்.

வட்ஸ்அப் ஓடுகிறது, எந்தப் பக்கமும் திறக்கவில்லை

இரண்டு பிரவுசரிலும் ஒரே நிலை என்றால் பிரவுசரை விட்டுவிடுங்கள். டேட்டா பொதி என்ன பொதி என்று பாருங்கள். சமூக ஊடகத்துக்கு மட்டும் செல்லும் பொதி போட்டிருந்தால் வட்ஸ்அப்பும் பேஸ்புக்கும் ஓடும், வேறொன்றும் திறக்காது. பகல் டேட்டா முடிந்து இரவு டேட்டா மட்டும் மிச்சமிருந்தாலும், மீதி இருக்கிறதே என்று ஏமாறுவோம். பொதி சரியென்றால் அன்ட்ரொயிட்டின் நெட்வொர்க் செட்டிங்ஸில் பிரைவேட் டிஎன்எஸ் (தளத்தின் பெயரை இணைய எண்ணாக மாற்றித் தரும் சேவை) என்ற இடத்தில் யாராவது எதையாவது எழுதியிருக்கிறார்களா என்று பார்த்து, தானியங்கி நிலைக்கு மாற்றுங்கள். விளம்பரத்தைத் தடுக்கிறேன் என்று பிள்ளைகள் இதை மாற்றிவிட்டு மறந்துவிடுவதுண்டு.

பரீட்சைப் பெறுபேறு வெளியாகும் நேரம் பக்கம் சுற்றிக்கொண்டே இருப்பது இதில் சேராது. நாடு முழுக்க ஒரே நேரத்தில் ஒரே கதவைத் தட்டுகிறது. எந்தப் பிரவுசரும் முந்தித் தராது.

பேஸ்புக்கில் வந்த இணைப்பைத் திறந்தால் திரும்ப லொகின் கேட்கிறது

அது உங்கள் பிரவுசரே இல்லை. பேஸ்புக் தனக்குள் வைத்திருக்கும் சின்ன பிரவுசர். அதற்கு உங்கள் குரோமின் லொகின் தெரியாது, மைக், கமெரா அனுமதியும் பல நேரம் கிடைக்காது. மேலே உள்ள மூன்று புள்ளியை அமத்தி வெளிப் பிரவுசரில் திறக்கும்படி கொடுங்கள். ஒன்லைன் வகுப்பு இணைப்புகளையும் அப்படியே திறவுங்கள்.

மெதுவாக ஏறுகிறது, டேட்டாவையும் தின்கிறது

குரோமில் முன்பு இருந்த டேட்டா சேமிப்பு வசதியை கூகுள் 2022 மார்ச்சில் நிறுத்திவிட்டது. அதை இன்னும் தேடிக்கொண்டிருக்க வேண்டாம். அன்ட்ரொயிட்டில் பயர்பொக்ஸில் யூபிளொக் ஒரிஜின் என்ற எக்ஸ்டென்ஷனைப் போட முடியும். விளம்பரம் இறங்காததால் செய்தித் தளங்கள் சட்டென்று ஏறும், டேட்டாவும் மிஞ்சும். போன் குரோமில் எக்ஸ்டென்ஷனே போட முடியாது. கணினிக் குரோமிலும் பழைய யூபிளொக் ஒரிஜின் இப்போது ஓடுவதில்லை, அதன் லைட் வடிவம் மட்டும்தான். ஆனால் ஒன்று: அதைப் போட்ட பின் உங்கள் பயர்பொக்ஸ் வெறுமையானதல்ல. கோளாறு சோதிக்கும்போது அந்தத் தளத்தில் அதை நிறுத்திவிட்டுப் பாருங்கள்.

ஒபேரா மினி டேட்டாவை நன்றாகக் குறைக்கும். அதன் உச்ச சேமிப்பு நிலையில் நீங்கள் கேட்கும் பக்கம் ஒபேராவின் சேவையகத்துக்குப் போய், அங்கே சுருக்கப்பட்டுத்தான் உங்களுக்கு வருகிறது. பொத்துவில் பக்கம் சிக்னல் மெலிந்த இடத்தில் செய்தி வாசிக்க அது போதும். வங்கிக்கும் படிவத்துக்கும் அதைத் திறக்காதீர்கள்.

4 ஜிபி கணினியில் இரண்டு பிரவுசரும் சேர்ந்து ஓடினால் எல்லாம் இழுபடும். எட்ஜும் குரோமும் மூடிய பிறகும் பின்னால் ஓடிக்கொண்டிருக்கலாம். இரண்டின் செட்டிங்ஸிலும் ‘சிஸ்டம்’ பகுதியில் அதை நிறுத்தும் இடம் உண்டு.

“உங்கள் பிரவுசர் பழையது” என்கிறது, அப்டேட்டும் வரவில்லை

விண்டோஸ் 7க்குக் கடைசியாக வந்த குரோம் 109, 2023 ஜனவரியில். அதன் பிறகும் அந்தக் கணினியில் பாதுகாப்புத் திருத்தம் கிடைத்த பெரிய பிரவுசர் பயர்பொக்ஸின் 115 நீண்டகாலப் பதிப்பு. அன்ட்ரொயிட் 8, 9 உள்ள போன்களில் குரோம் 138ஓடு நின்றுவிட்டது. அறிவித்தல் வாசிக்க, பாடம் பார்க்க இவை போதும். காசு விடயத்தை வேறு சாதனத்துக்கு மாற்றிவிடுங்கள். பழைய இன்டர்நெட் எக்ஸ்புளோரரில் மட்டும் திறக்கும் அலுவலகப் பக்கம் என்றால், எட்ஜுக்குள் ஐஇ நிலை என்று ஒன்று இருக்கிறது. இன்டர்நெட் எக்ஸ்புளோரர் 2022 ஜூன் 15 அன்று ஓய்வு பெற்றாலும் அந்த நிலை இன்னும் உண்டு.

எதுவும் சரிவரவில்லை

மறைநிலை, மற்றப் பிரவுசர், மற்ற இணைப்பு மூன்றும் பார்த்தாயிற்று என்றால் பிழை தளத்தில்தான். “வேலை செய்யவில்லை” என்று மட்டும் எழுதினால் பதில் வராது. இந்த மாதிரி எழுதுங்கள்:

“வணக்கம் சேர். இன்று காலை 10.20க்கு விண்ணப்பத்தின் மூன்றாம் பக்கத்தில் சமர்ப்பிக்கும் பட்டனை அமத்தியும் அடுத்த பக்கம் வரவில்லை. விண்டோஸ் 10 கணினி. குரோம், பயர்பொக்ஸ் இரண்டிலும், ரவுட்டரிலும் போன் டேட்டாவிலும் ஒரே நிலை. மொழிபெயர்ப்பு நிறுத்தியிருந்தேன். முடிவுத் திகதி வெள்ளிக்கிழமை. ஸ்கிரீன்ஷொட் இணைத்துள்ளேன்.”

ஸ்கிரீன்ஷொட்டில் முகவரிப் பட்டையும் நேரமும் தெரிய வேண்டும். அடையாள அட்டை இலக்கத்தையும் வங்கிக் கணக்கு இலக்கத்தையும் மறைத்துவிட்டு அனுப்புங்கள். முடிவுத் திகதிக்கு முன் முயன்றீர்கள் என்பதற்கு அது சான்றாகவும் இருக்கும், அதனால் அனுப்பிய மின்னஞ்சலை அழிக்காமல் வையுங்கள்.